'நான் எப்படி உன் வயிற்றுக்குள் போனேன்?' என்று 8 வயது மகன் கேட்கிறான். என்ன பதில் சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள், அவன் கேட்ட அளவுக்கு மட்டும். 'சாமி கொடுத்தது', 'ஆஸ்பத்திரியில் வாங்கினோம்' எல்லாம் இப்போது ஒரு வாரம்கூடத் தாங்காது. பஸ்ஸில் போகும்போது கருத்தரிப்பு மைய போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இவர்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை ஆரம்பித்துவைத்தது ஒரு மாடு. வாழப்பாடி பக்கம் அம்மாயி வீட்டில் பசு கன்று போட்டபோது என் மகள் பக்கத்திலேயே நின்றாள். முன்னங்கால் குளம்பு இரண்டும் வந்து, பின்னாலேயே மூக்கு தெரிந்ததை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். 'பிள்ளையை உள்ளே கூட்டிட்டுப் போ' என்று மாமா அதட்ட, அம்மாயிதான் 'விடு சாமி, பார்த்தா என்ன இப்போ' என்றார். இளங்கொடி விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்ட எடுத்துப் போனார்கள். உடனே வந்தது கேள்வி: 'என்னோட கொடியை எந்த மரத்துல கட்டினீங்க?'

அப்புறம் சுலபமாகிவிட்டது. உனக்கும் கொடி இருந்தது, அது வழியாகத்தான் உனக்குச் சத்தெல்லாம் வந்தது, தொப்புள் அதன் தடம் என்றேன். குழந்தை வளர்வது சோறு போகிற வயிற்றில் இல்லை, கர்ப்பப்பை என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதையும் சொன்னேன். (குழந்தை இட்லி சாம்பாரோடு கிடக்கிறது என்றே பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) பசுவுக்கும் நமக்கும் கிட்டத்தட்ட அதே ஒன்பது மாதக் கணக்கு என்றதும் ஒரே சிரிப்பு.

சங்கடமான கேள்வி மறுநாள்தான் வந்தது. மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் பார்த்திருக்கிறாள். 'உனக்கும் ஊசி போட்டாங்களாம்மா?' அந்த நீளக் குழலுக்குள் இருப்பது காளையின் விந்து, மனிதர்களில் அது அப்பா உடம்பிலிருந்து அம்மா உடம்புக்குள் போகும், அங்கே முட்டையோடு சேர்ந்தால் கரு உண்டாகும், பெரியவர்கள் ஆன பிறகு இரண்டு பேருக்கும் விருப்பம் இருந்தால்தான் இதெல்லாம் என்றேன். 'ச்சீ' என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். அந்த வயதுக்கு அது போதும்.

உங்களுக்குப் பையன் என்பதால் இன்னொன்று. ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவைப் பொறுத்தது. ஆண், பெண் என்று தீர்மானிக்கிற குரோமோசோம்களில் (எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை) முட்டையில் இருப்பது எக்ஸ் மட்டுமே. விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் பெண், ஒய் கொண்டுவந்தால் ஆண். பொம்பளைப் பிள்ளை பெற்றதற்கு மருமகளைக் கரித்துக்கொட்டிய மாவட்டம் நம்முடையது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தை திட்டத்தை அரசு முதலில் தொடங்கியதே சேலத்தில்தான். கள்ளிப்பால் கதையெல்லாம் இப்போது வேண்டாம். எக்ஸ், ஒய் விஷயம் மட்டும் ஒரு பையனுக்குக் கல்யாண வயதுக்கு ரொம்ப முன்னாலேயே தெரிந்திருக்கட்டும்.

10, 11 வயதுக்குள் மாதவிடாய் பற்றியும், தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு என்றும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், லாட்ஜில் ரூம் போட்டு 'இழந்த சக்தியை' மீட்டுத் தரும் வைத்தியர்களின் போஸ்டர் சொல்லிக்கொடுக்கும். அந்தரங்க உறுப்புகளின் பெயர்களைக் குளிப்பாட்டும்போதே கூச்சமில்லாமல் சொல்லிப் பழக்குங்கள். யாராவது அங்கே தொட்டால் பிள்ளை நம்மிடம் தெளிவாகச் சொல்ல முடியும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்டுவைத்தால் 'ராத்திரி சொல்றேன் கண்ணு' என்று தள்ளிப்போடலாம், தப்பில்லை. ராத்திரி அவன் மறந்திருந்தாலும் நீங்களே பேச்சை எடுங்கள்.