இசக்கிக்கு ‘ஈ’யா, ‘ஐ’யா?

கேள்வி: என் மகள் இசக்கியம்மாள் மருத்துவம் படிக்கக் கிர்கிஸ்தான் போகிறாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அவள் பெயர் ஆங்கிலத்தில் ‘ஈ’ போட்டுத் தொடங்குகிறது, ஆதாரில் ‘ஐ’. இனிஷியல் வேறு. பாஸ்போர்ட்டுக்கு எப்படி எழுதுவது? அனுப்பவே பயமாகவும் இருக்கிறது.
– ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: தாயி, பாளையங்கோட்டையில் பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். இசக்கி, சுடலை, பேச்சி என்று நம்ம குலசாமி பெயர் வைத்த பிள்ளைகள்தான் இந்த வம்பில் அதிகம் மாட்டும். என் மகன் பேச்சிமுத்துவுக்கே ரேஷன் கார்டில் ஒரு ‘டி’ கூடுதல், டி.சி.யில் ஒரு ‘ஹெச்’ குறைவு. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன் வீட்டில் இந்த லட்சணம்! அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அவன் சேர வேண்டிய பருவம் போய்விட்டது.

பள்ளிச் சான்றிதழைத் தொடாதீர்கள். அதைத் திருத்த அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை நடக்க வேண்டும். அதில் உள்ளபடியே ஆதாரை மாற்றுங்கள், அதுதான் லேசு. மாற்றிய ஆதார் கைக்கு வந்த பிறகு திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு நாள் குறியுங்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரை முழுசாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். காலியாக விட்டாலும் பாஸ்போர்ட் வந்துவிடும், விசாவில்தான் இடிக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அமீரகம் 2022 நவம்பரில் சொன்னபோது என் கடை வாசலில் நின்ற கூட்டம் இருக்கிறதே!

நீட் தேர்ச்சி அட்டையையும் கோப்பில் வையுங்கள். அது இல்லாமல் வெளிநாட்டில் படித்த எம்.பி.பி.எஸ். இங்கே செல்லாது. சான்றிதழ்களுக்கு அபோஸ்டில் முத்திரை (நம் சான்றிதழை வெளிநாட்டில் ஏற்க நம் வெளியுறவு அமைச்சகம் போடும் முத்திரை) வாங்கியதும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அவள் மெயிலிலும் உங்கள் மெயிலிலும் போட்டு வையுங்கள். 2022-இல் உக்ரைனிலிருந்து ஓடி வந்த பிள்ளைகளில் பலருடைய அசல் சான்றிதழ்கள் அங்கே கல்லூரியிலேயே கிடந்தன.

பயம் என்றீர்கள். 2024 மே மாதம் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியது உண்மை. வெளியே வராதீர்கள் என்று நம் தூதரகம் அப்போது சொன்னது. அதனால் போய் இறங்கியதும் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். அவசர எண்ணைப் போனில் மட்டுமல்ல, தாளிலும் எழுதி வைக்கட்டும். அப்புறம், “பத்திரமாக இருக்கட்டும்” என்று ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பான், கொடுக்கக் கூடாது. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அந்த ஊர் போலீசில் புகார், அந்தப் புகார்த் தாளோடு தூதரகம்.

கேள்வி: வெளிநாடு போகும் பையனிடம் கருப்பட்டியும் கொப்பரையும் கொடுத்து அனுப்பலாமா?
– ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: கருப்பட்டி சரி, அந்த நாட்டுச் சுங்க விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்பரை கூடாது. எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில் வையுங்கள்.