டிஸ்க் பிதுங்கினால் அறுவை சிகிச்சை கட்டாயமா?

கேள்வி: எனக்கு 42 வயது. ஐந்து வாரங்களாக இடுப்பில் தொடங்கி இடது கால் பெருவிரல் வரை சுண்டி இழுப்பதுபோல வலிக்கிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4–எல்5 டிஸ்க் (கீழ் முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவதாக உள்ளது. உடனே அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமா?

– ஒரு வாசகர்

பதில்: அறிக்கையை மட்டும் வைத்து அப்படி முடிவெடுக்க இயலாது. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கம் தென்படும் என்பதால், படமும் உங்கள் காலும் ஒரே நரம்பைச் சுட்டுகின்றனவா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பெருவிரல் வரை வலி ஓடுவது, அந்த இடத்தில் வழக்கமாக அழுத்தப்படும் எல்5 நரம்பு வேரோடு பொருந்துகிறது. மல்லாந்து படுத்த நிலையில், முழங்காலை மடக்காமல் இடது காலை மருத்துவர் உயர்த்தும்போது 30 முதல் 70 பாகைக்குள் அதே வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், டிஸ்க்தான் நரம்பை அழுத்துகிறது என்ற சந்தேகம் வலுக்கும். வலது காலை உயர்த்தும்போதும் இடது காலில் வலித்தால் ஏறக்குறைய உறுதி. குதிகாலால் நடக்க முடிகிறதா, பெருவிரலை அழுத்திப் பிடித்தாலும் மேலே தூக்க முடிகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். (காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அறுவைக்குத் தேதி குறித்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.)

காலில் பலம் குறையவில்லை என்றால் காத்திருக்கலாம். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிந்துவிடுகிறது. வெளியே வந்த டிஸ்க் துண்டை உடலே கரைத்துவிடுவதும் உண்டு. அதிலும், முற்றாக உடைந்து வெளியேறிய துண்டுகளே சிறு பிதுக்கங்களைவிட அதிகமாகக் கரைகின்றன. வலிநிவாரணி, இயன்ற அளவு நடை, பின்னர் இயன்முறைப் பயிற்சி ஆகியவை போதும். நாள்கணக்கில் படுத்தே கிடப்பதால் பயனில்லை.

அதன் பிறகும் கால்வலி வாட்டினால் மைக்ரோடிஸ்கெக்டமி என்னும் நுண் அறுவை சிகிச்சை நல்ல தீர்வு. சில சென்டிமீட்டர் மட்டும் கீறி, நுண்ணோக்கியின் துணையோடு நரம்பை மெல்ல ஒதுக்கி, அதை அழுத்தும் துண்டை எடுக்கிறார்கள். டிஸ்க் முழுவதையும் அகற்றுவதில்லை. பெரும்பாலும் கால்வலி விரைவில் விலகும், மரத்துப்போன உணர்வு திரும்ப மாதங்கள் ஆகலாம், இடுப்புவலி போகும் என்று உறுதி கூற முடியாது. அதே இடத்தில் மீண்டும் பிதுங்குவதும் சிலருக்கு நேர்கிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், அறுவை செய்துகொண்டவர்களுக்கும் பொறுத்திருந்தவர்களுக்கும் இடையே வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அறுவையால் கிடைப்பது முக்கியமாக விரைவான நிவாரணமே.

ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடின்றி வெளியேறினாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் மரத்துப்போனாலோ, இந்தக் காத்திருப்புக் கணக்கு எதுவும் பொருந்தாது. அன்றே, இரவாக இருந்தாலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பாதம் திடீரெனத் தொங்கிப்போனாலும் தாமதிக்காதீர்கள்.