எடை குறைந்தது, கிரியாட்டினினும் குறைந்தது. நல்லதுதானே?

கேள்வி: எனக்கு வயது 57, உயரம் 165 செ.மீ. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. போன வருடம் சிறுநீரகம் பாதித்திருக்கிறது, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் 38, இரத்தத்திலுள்ள கழிவான கிரியாட்டினின் 2.0 என்றார்கள். எடையையும் புரதத்தையும் குறைக்கச் சொன்னார்கள். பருப்பு, முட்டை, மீன், பால், பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். நான்கு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 77 கிலோவுக்கு வந்தேன். கிரியாட்டினினும் 1.8 ஆகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மாடிப்படி ஏறினால் கால் தளர்கிறது. போன வாரம் மூன்றே நாளில் 2 கிலோ ஏறிவிட்டது. சாப்பாட்டை இன்னும் குறைக்க வேண்டுமா? டயாலிசிஸ் வந்தால் பத்தியம் இதைவிடக் கடுமையாக இருக்குமா?

பதில்: முதலில் அந்த 2 கிலோ. அதுதான் அவசரம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. மூன்று நாளில் 2 கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 15,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். அரை வயிற்றோடு இருக்கும் நீங்கள் அதைச் செய்திருக்க வழியே இல்லை. ஏறியது தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை, கணக்கு அவ்வளவுதான். இதற்குப் போய் சாப்பாட்டைக் குறைத்தால் தண்ணீர் அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் இன்னும் தளரும்.

கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பை ஒட்டிய இடத்தில் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் கோத்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் ஓரிரு நாளுக்குள் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சொல்வதற்கு முன் போன வாரத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். மூட்டு வலிக்கோ தலைவலிக்கோ ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை போட்டீர்களா? இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரைக்குத் தரும் பயோகிளிட்டசோனும் நீர் கோக்க வைக்கும். நீர் பிரியத் தரும் மாத்திரை ஏதாவது தவறிப்போனதா? எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் உப்புதான். உங்கள் நிலையில் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும், அதாவது 2 கிராம் சோடியம். கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. சமையலில் போடுவது, ஊறுகாய், பாக்கெட் நொறுக்கு, ரொட்டி, சாஸ், வெளியே வாங்கிச் சாப்பிடுவது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சோடியம் குறைவான உப்பு என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு, அதிலும் இரத்த அழுத்தத்துக்காக ராமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு, அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும்.

சரி, இப்போது அந்த 7 கிலோ. 84-இல் 7 என்றால் 8 சதவீதத்துக்கு மேல். சிறுநீரக நோயாளி தானாகவே மூன்று மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ இளைத்தால், உடம்பு தன் சதையைத் தானே கரைக்கிறதா என்று நாங்கள் சந்தேகப்படுவோம். நீங்கள் குறைக்க நினைத்துத்தான் குறைத்தீர்கள், அதனால் அந்த அளவுகோல் உங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் புரதம் தரும் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறீர்கள், படியேற முடியவில்லை. போனதில் ஒரு பங்கு கொழுப்பாக இருக்கலாம், நல்ல பங்கு தசை என்றே நினைக்கிறேன். போதாததற்கு, நீர் கோத்திருக்கும்போது தராசு உண்மையை இன்னும் மறைக்கும். நீரைக் கழித்துப் பார்த்தால் நீங்கள் 77-ஐவிடவும் குறைவாக இருக்கக்கூடும்.

கிரியாட்டினின் குறைந்ததைக் கேட்டுத்தான் எனக்குக் கவலை கூடியது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் அது உற்பத்தியாவதே குறையும். சமைத்த இறைச்சி, மீனிலிருந்தும் கொஞ்சம் வரும், அதையும் நிறுத்திவிட்டீர்கள். ஆகவே சிறுநீரகம் இருந்த இடத்திலேயே இருக்க, அறிக்கையில் மட்டும் எண் இறங்கி, ஈ.ஜி.எஃப்.ஆர் 43-க்கு ஏறியதுபோலத் தெரியும். இதைப் பிரித்துப் பார்க்க சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்தது இல்லை. அடுத்த முறை அதையும் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்றும் பாருங்கள். சிறுநீரகம் உண்மையில் தேறுகிறதா என்பதை இந்த இரண்டும் சேர்ந்து ஓரளவு சொல்லிவிடும்.

“புரதத்தைக் குறைங்க” என்று மருத்துவர் சொன்னது தவறு இல்லை. எவ்வளவு என்று சொல்லாமல் விட்டதுதான் சிக்கல். டயாலிசிஸ் தொடங்காத உங்கள் கட்டத்தில், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதைவிடக் குறைவாகப் போவதென்றால் உணவியல் நிபுணரின் கண்காணிப்பில்தான் போக வேண்டும். கூடுதல் எடை இருப்பவருக்கு உயரத்துக்கேற்ற எடையை ஒட்டிக் கணக்கிடுவார்கள். உங்களுக்கு 65 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளுக்குச் சுமார் 52 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 9, ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7, சமைத்த கோழி 100 கிராமில் 27-க்கு மேல், சோறு 100 கிராமில் 2.5 அளவு. கூட்டிப் பாருங்கள். ஒரு முட்டை, மதியம் ஒரு கிண்ணம் பருப்பு, கொஞ்சம் பால், சிறு துண்டு மீன், இதெல்லாம் அந்த 52-க்குள்ளேயே அடங்கும். நீங்கள் வீணாகப் பட்டினி கிடந்திருக்கிறீர்கள்.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. மொத்தக் கலோரி போதாமல் போனால் உடம்பு தன் தசையை உடைத்து எரிக்கும். அப்படி எரிப்பதிலிருந்தும் யூரியா என்ற புரதக் கழிவு வரும், அதையும் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். யூரியாவைக் குறைக்க வாயைக் கட்டினால் உள்ளேயிருந்து அது கூடுகிறது. அதனால் புரதத்தை அளவாகச் சாப்பிடும்போது கலோரி போதுமானதாக இருக்க வேண்டும். கிலோவுக்கு 25 முதல் 35 கலோரி என்பது வழக்கமான கணக்கு. எடை குறைய வேண்டிய நீங்கள் கீழ் எல்லையை ஒட்டி, சுமார் 1,600-இல் நிற்கலாம். இரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் குறைந்து அமிலம் கூடினாலும் தசை கரையும், வாய் கசக்கும், பசி எடுக்காது. அதற்கு மருந்து உண்டு, பரிசோதித்துவிடுங்கள்.

பழத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று தெரியவில்லை. யாரோ பொட்டாசியம் என்று பயமுறுத்தியிருப்பார்கள். உங்கள் இரத்தப் பொட்டாசியம் எவ்வளவு? சாதாரண அளவுக்குள், அதாவது 3.5-க்கும் 5.0-க்கும் நடுவில் இருந்தால் எல்லாப் பழத்தையும் விலக்கக் காரணம் இல்லை. ஆப்பிள், திராட்சை, அன்னாசி அளவாகச் சாப்பிடலாம். கூடியிருந்தால் வாழைப்பழம், உலர்பழம், பழச்சாறு, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வார்கள். கிழங்கைச் சிறு துண்டாக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் ஓரளவு நீரோடு போய்விடும். மலச்சிக்கலும் பொட்டாசியத்தைக் கூட்டும் என்பதால் நார்ச்சத்தை ஒரேயடியாக நிறுத்துவது உதவாது. ஒரு பழம் மட்டும் விதிவிலக்கு. நட்சத்திரப் பழம் என்கிற தமரத்தம்பழத்தைத் தொடாதீர்கள். பழுதான சிறுநீரகத்தால் அதிலுள்ள நச்சை வெளியேற்ற முடியாது, வலிப்பு வரை கொண்டுபோய்விடும். பாஸ்பரஸைப் பொறுத்தவரை பருப்பைவிடப் பதப்படுத்திய உணவுக்குத்தான் பயப்பட வேண்டும். பருப்பிலிருப்பதில் பாதிகூட உடம்பில் சேர்வதில்லை. கோலா பானம், பதப்படுத்திய இறைச்சி, பதப்படுத்திய சீஸ் ஆகியவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ பெரும்பகுதி உள்ளே போய்விடும்.

சர்க்கரை மாத்திரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் இது முக்கியம். இன்சுலினில் ஒரு பங்கைச் சிறுநீரகம்தான் அகற்றுகிறது. அது தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்கும். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். சாப்பாடும் எடையும் குறைந்த பிறகு பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கும். விடியற்காலை வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தே இல்லாத டயட்டுக்கோ நீண்ட உபவாசத்துக்கோ போகக்கூடாது. சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு.

அப்படியானால் எடையைக் குறைக்கவே கூடாதா? குறைக்கலாம். கூடுதல் எடை சிறுநீரகத்தின் வடிகட்டிகளை அதிகம் உழைக்க வைக்கிறது, எடை குறைந்தால் சிறுநீரில் புரதம் ஒழுகுவதும் குறைகிறது. ஆனால் கொழுப்பு போக வேண்டும், தசை தங்க வேண்டும். தட்டில் புரதத்தைக் குறைக்காமல் இனிப்பு பானம், பொரித்தவை, இரண்டாவது தடவை சோறு ஆகியவற்றைக் குறையுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டியதில்லை. நடைப்பயிற்சியோடு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை ஒரு தடவைக்குப் பத்து முறை, தினம் இரண்டு தடவை செய்யுங்கள். நீர் வடிந்த பிறகு தொடங்கினால் போதும். புரதப் பவுடர், கீட்டோ டயட் இரண்டும் உங்களுக்கு வேண்டாம்.

இளைக்க வைக்கும் மூலிகை மாத்திரைகள் அறவே வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஓர் எடைக்குறைப்பு மருத்துவமனையில் சீன மூலிகை கலந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் வேகமாகச் சுருங்கிப்போனது. ஒரு மூலிகைக்குப் பதிலாக சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ள வேறு மூலிகை கலந்துவிட்டதுதான் காரணம். நல்ல சிறுநீரகத்தோடு இளைக்க வந்தவர்கள் சிலர் டயாலிசிஸுக்குப் போனார்கள். மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளின் கதை வேறு. இரண்டாம் வகைச் சர்க்கரையும் சிறுநீரக நோயும் உள்ளவர்களிடம் சர்க்கரைக்கும் எடைக்குறைப்புக்கும் தரும் செமாகுளூட்டைடு ஊசியைச் சோதித்த ஃப்ளோ என்ற ஆய்வின் முடிவு 2024-இல் வெளிவந்தது. அதில் சிறுநீரகம் மோசமாவது, சிறுநீரக அல்லது இதய நோயால் இறப்பது ஆகியவை சேர்ந்த அபாயம் 24 சதவீதம் குறைந்திருந்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். வாந்தியும் நீரிழப்பும் வந்தால் உடனே சொல்ல வேண்டும், புரதமும் உடற்பயிற்சியும் அப்போதும் வேண்டும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு நாளில் ஒரு கிலோ, ஒரு வாரத்தில் 2 கிலோ என்று ஏறினால் நீர் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். வாரக்கணக்கில் மெதுவாக இறங்கி, பெல்ட் தளர்ந்து, படியேறவும் முடிந்தால் போவது கொழுப்பு. தொடை மெலிந்து, நாற்காலியிலிருந்து எழவே கை ஊன்ற வேண்டியிருந்தால் தசை.

டயாலிசிஸைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈ.ஜி.எஃப்.ஆர் 38-இல் இருக்கும் எல்லோரும் அந்த இடத்துக்குப் போவதில்லை. போனாலும் புரதம் கூடத்தான் செய்யும். டயாலிசிஸில் புரதச்சத்து கொஞ்சம் வெளியேறிவிடுவதால் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை சாப்பிடச் சொல்வார்கள். இறுகுவது தண்ணீரும் உப்பும். உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடையை உலர் எடை என்று குறித்து, ஒவ்வொரு முறையும் அதற்கு மேல் ஏறிய நீரை எடுப்பார்கள். சதை போட்டாலும் இளைத்தாலும் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும், அதனால் அப்போதும் கால் வீக்கத்தையும் மூச்சையும் நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.