வெட்டுண்ட புரதத் துண்டுகளுக்கு என்ன வேலை?

கேள்வி: செல்கள் தம் புரதங்களை உடைத்துப் போடும் துண்டுகளே பாக்டீரியாக்களைக் கொல்கின்றன என்று இஸ்ரேலில் ஒரு பேராசிரியர் கண்டறிந்திருப்பதாகப் படித்தேன். அவர் யார்? இதை எப்படிக் கண்டுபிடித்தார்?

பதில்: நீங்கள் குறிப்பிடுபவர் யிஃபாத் மெர்பல். ரெஹோவோத் நகரில் உள்ள வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் நோயெதிர்ப்பியல் பேராசிரியராக இருக்கிறார். அவருடைய குழுவின் கட்டுரை 2025 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

அந்தக் கண்டுபிடிப்பு திடீரென வந்ததன்று. அவர் கடந்து வந்த பாதையைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். மாணவப் பருவத்தில் நோயெதிர்ப்பியலாளர் இருன் கோஹெனின் குழுவில் இருந்தபோது, பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் உடலின் சொந்தப் புரதங்களையே பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் இருப்பதை, பல புரதங்களை ஒரே தகட்டில் பதித்துச் சோதிக்கும் முறையால் காட்டினார். அக்கட்டுரை 2007-இல் வெளியானது. அடுத்து ஹார்வர்டில் உயிரியலாளர் மார்க் கிர்ஷ்னரிடம் முனைவர் பட்ட ஆய்வு. அங்கும் அதே புரதத் தகட்டைத்தான் கையில் எடுத்தார். ஆனால் இம்முறை கேள்வி வேறு: எந்தெந்தப் புரதங்களின் மீது யுபிக்விட்டின் ஒட்டப்படுகிறது?

யுபிக்விட்டின் என்பது ஒரு சிறு புரதம். பெரும்பாலும் இது சங்கிலியாக ஒட்டப்பட்ட புரதம், ‘இதை உடைத்துவிடு’ என்ற முத்திரை பெற்றதாகிவிடும். இதைக் கண்டறிந்ததற்காக ஆரன் செக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முத்திரையிட்ட புரதத்தை வெட்டும் இயந்திரத்தின் பெயர் புரோட்டியோசோம். ஏழேழு புரதங்களாலான நான்கு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பீப்பாய் போன்றது அது. வெட்டும் முனைகள் பீப்பாயின் உட்புறத்தில் இருப்பதால், உள்ளே நுழைய அனுமதி பெற்ற புரதம் மட்டுமே வெட்டுப்படும்.

எந்தப் புரதம் முத்திரை பெற்றது என்பதைப் பலர் ஆராய்ந்தார்கள். பீப்பாயிலிருந்து எத்தகைய துண்டுகள் வெளிவருகின்றன என்பதை நேரடியாகக் காண்பதுதான் கடினமாக இருந்தது, ஏனெனில் வெளியே வந்த சில நொடிகளிலேயே மற்ற நொதிகள் அவற்றை மேலும் சிதைத்துவிடுகின்றன. மெர்பலின் ஆய்வகம் புரோட்டியோசோமை அது பிடித்திருக்கும் துண்டுகளோடு சேர்த்தே செல்லிலிருந்து பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறைமாலைக் கருவியால் அத்துண்டுகளைப் படிக்கும் முறையை உருவாக்கி 2018-இல் வெளியிட்டது. என் மதிப்பீட்டில் அவருடைய மிகப் பெரிய பங்களிப்பு இந்த முறையை உருவாக்கியதே. பின்னர் கிடைத்ததெல்லாம் அதன் வழியாகப் பார்த்ததால் கிடைத்தவை.

அப்படிப் பார்த்தபோது, கிருமிகளைக் கொல்வதாக ஏற்கெனவே அறியப்பட்டிருந்த பெப்டைடுகளின் (சிறு புரதத் துண்டுகளின்) அமினோ அமில வரிசைகள் அந்தத் துண்டுகளிடையே தென்பட்டன. பாக்டீரியா தொற்றியதும் பிஎஸ்எம்ஈ3 என்ற துணைப்புரதம் பீப்பாயின் வாயில் வந்து அமர்கிறது. அதனால் வெட்டும் இடம் மாறி, நேர்மின்னேற்றம் கொண்ட முனையுடன் முடியும் துண்டுகள் அதிகமாகின்றன. பாக்டீரியாவின் உறை எதிர்மின்னேற்றம் உடையது என்பதால் இத்துண்டுகள் அதில் ஒட்டி, உறையைக் குலைத்துக் கிருமியைக் கொல்லும். மனித உடலின் புரதங்களை எல்லாம் கணினியில் வெட்டிப் பார்த்தபோது, இத்தகைய இயல்புள்ள துண்டுகள் 2,70,000-க்கும் மேல் இருக்கக்கூடும் என்று அந்தக் குழு கணித்தது.

கேள்வி: அப்படியானால் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு மாற்று கிடைத்துவிட்டதா?

பதில்: இல்லை. தொற்றுக்கு உள்ளாக்கப்பட்ட எலிகளுக்கு இத்தகைய பெப்டைடைக் கொடுத்துப் பயன் கண்டிருக்கிறார்கள். அந்த 2,70,000 என்பது கணிப்பே தவிர சோதித்த எண்ணிக்கை அன்று. பெப்டைடுகள் இரத்தத்தில் விரைவில் சிதைந்துவிடும் தன்மையுடையவை என்பதால், மருந்தாக்க விரும்புபவர்கள் இந்தச் சிக்கலையும் தீர்த்தாக வேண்டும்.

கேள்வி: புரதச் சிதைவை ஆராய்வது நோயெதிர்ப்பியலாளரின் வேலையா? அது உயிர்வேதியியல் அல்லவா?

பதில்: இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. பீட்டர் டோஹர்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் 1974-இல் காட்டியபடி, நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்கள் வைரஸை உடலின் அடையாளப் புரதத்தோடு சேர்த்தே அறிகின்றன. இதற்காக 1996-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த அடையாளப் புரதம் ஏந்திக் காட்டுவது பெரும்பாலும் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு துண்டு. அதைத் தயாரிப்பதில் புரோட்டியோசோமுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதை, புரோட்டியோசோமை முடக்கும் வேதிப்பொருள்களைக் கொண்டு கென்னத் ராக், ஆல்ஃபிரட் கோல்ட்பர்க் முதலியோர் 1994-இல் நிறுவினார்கள். அதே வகை முடக்கிகளின் வழியில் வந்த போர்டெசோமிப் என்ற மருந்து 2003-இல் மல்டிபிள் மையலோமா என்னும் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எனவே, செல்லுக்குள் என்ன நடக்கிறது என்ற செய்தியை டி செல்லுக்குச் சொல்லும் எழுத்துகளாகவே இந்தத் துண்டுகள் முப்பது ஆண்டுகளாகக் கருதப்பட்டு வந்தன. டி செல் வந்து சேரும் முன்பே, தொற்றுக்கு ஆளான செல் அதே வெட்டும் இயந்திரத்தைத் தன் முதல் ஆயுதமாகவும் ஆக்கிக்கொள்கிறது என்பதுதான் மெர்பலின் ஆய்வு சேர்த்த புதுச் செய்தி.