குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து இறந்ததா, அடிபட்டு இறந்ததா: உடலைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

தடய மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உடலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வீட்டார் சொல்வதும் உடலில் இருப்பதும் பொருந்துகின்றனவா என்றுதான் முதலில் பார்ப்போம். கட்டில் உயரத்திலிருந்து விழுந்தால் தலை வீங்கும், மண்டையோட்டில் விரிசல்கூட விழலாம். உயிர் போவது மிக மிக அரிது.

கைக்குழந்தை என்றால், பிரேதப் பரிசோதனைக்கு முன்பே உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முதுகெலும்பை ஒட்டிய இடத்தில் விலா எலும்பு முறிந்திருந்தால், யாரோ இரு கைகளாலும் மார்பைப் பிடித்து நெரித்திருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். உயிர் காக்க நெஞ்சை அழுத்தும்போது முறிவு ஏற்பட்டாலும் அது பெரும்பாலும் முன்பக்கத்தில்தான் இருக்கும். முறிந்த இடத்தில் புது எலும்பு திரண்டிருந்தால் அது நேற்றைய காயமல்ல. மூளையைச் சுற்றிய ரத்தக்கசிவும் கைகால் எலும்பு முறிவுகளும் சில குழந்தைகளிடம் சேர்ந்தே காணப்படுவதை ஜான் காஃபி என்ற அமெரிக்க மருத்துவர் 1946இலேயே எழுதிவிட்டார். ஆனாலும் பெற்றோர் அடித்திருப்பார்கள் என்று நினைக்க இன்றும் பலருக்கு மனம் வருவதில்லை.

பட்டினி போட்டுப் புறக்கணித்ததால் நேரும் மரணத்தில் காயமே இல்லாமலும் இருக்கலாம். தோலுக்கடியில் கொழுப்பு கரைந்திருக்கும். கண்ணுக்குள் இருக்கும் திரவத்தின் உப்பளவு, உடல் எவ்வளவு வறண்டிருந்தது என்று காட்டும். தடுப்பூசி அட்டையில் குறித்த எடைகளை வரிசையாகப் பார்த்தால், குழந்தை எந்த மாதத்திலிருந்து மெலியத் தொடங்கியது என்று தெரிந்துவிடும். வீட்டையும் அன்றே போய்ப் பார்க்க வேண்டும். கட்டிலின் உயரத்தை அளந்து, ஒரு பொம்மையைக் கொடுத்து, குழந்தை எப்படிக் கிடந்தது என்று செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

அவசரப்பட்டுப் பழி போடவும் கூடாது. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய், ரத்தம் உறையாத கோளாறு, முதுகில் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டு எல்லாம் அடிபட்டது போலவே தோன்றும். இவற்றை விலக்காமல் அறிக்கை எழுதுவது, பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்குச் செய்யும் கொடுமை.

இன்னும் புரளக்கூடப் பழகாத குழந்தையின் உடலில் கன்றிய தடம் இருந்தால், அது எவ்வளவு சிறிதானாலும், உடனே மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். காதிலோ கழுத்திலோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொல்வதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் போதும். சந்தேக மரணம் நடந்த வீட்டில் வேறு குழந்தைகள் இருந்தால், அவர்களையும் அன்றே பரிசோதிக்க வேண்டும்.