இஸ்லாத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு, ஆரம்பத்துல இருந்த ஈமான் (இறைநம்பிக்கை) இப்ப இல்ல, வீட்லயும் சண்டை. என்ன பண்றது?

எனக்கும் இப்படித்தான் ஆச்சு, முதல் ரமலான்ல தஹஜ்ஜுத் (ராத்திரி தூங்கி எழுந்து தொழுற கூடுதல் தொழுகை) வரைக்கும் தொழுதேன் அப்புறம் மூணே மாசத்துல சுப்ஹு, அதாவது விடியற்காலைத் தொழுகைக்கே எழுந்திருக்க முடியல. ஒரேடியா எல்லாத்தையும் தலைல தூக்கிப் போட்டுக்காதீங்க, கொஞ்சமா செஞ்சாலும் விடாம செய்ற அமல்தான் (நல்ல செயல்தான்) அல்லாஹ்வுக்கு ரொம்பப் பிடிக்கும்னு புகாரிங்கிற நபிமொழித் தொகுப்புல ஹதீஸே இருக்கு. அஞ்சு வேளை ஃபர்ளை (கட்டாயத் தொழுகையை) மட்டும் பிடிச்சுக்கோங்க, சுன்னத்து (கூடுதலா தொழுறது) மெதுவா வரும்.

வீட்ல சண்டைன்னா குர்ஆன்ல லுக்மான் சூரா (அத்தியாயம்) 31:15 படிங்க, அல்லாஹ்வுக்கு இணைவைக்கச் சொன்னா கேக்காத ஆனா பெத்தவங்களோட நல்லபடியா நடந்துக்கோன்னுதான் இருக்கு, அதனால அம்மாவுக்கு தினமும் போன் பண்ணுங்க (சாப்பிட்டியான்னு கேட்டா பாதி கோவம் போயிடும்).

தனியா இருந்தாதான் மனசு சோர்ந்து போகுது. சென்னைல திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல், 1795ல கட்டினது, அங்க நோன்பு திறக்கப் போய் உக்காருங்க, பக்கத்துல இருக்கிறவரே பேச ஆரம்பிச்சிடுவார்.