கீழே என்ன விழுந்தது?

வணக்கம் அண்ணா,

நான் ஆரையம்பதியில் இருக்கிறேன். சாதாரண தரம் படித்த காலத்திலிருந்து ஒரே ராக் குழுவின் பாடல்களைத்தான் கேட்டு வருகிறேன். அவர்கள் எப்போதாவது இந்தியாவுக்கு வந்தால் போய்ப் பார்க்க வேண்டும் என்று சீட்டுக் கட்டுகிறேன். இது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "போனில் கிடப்பதைப் பார்க்கப் பிளேன் ஏற வேண்டுமா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழுவைப் பார்க்கப் போனதாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அப்பாவின் கேள்வி நியாயமானது. அவரை இசை தெரியாதவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நான் போனது 2011 அக்டோபர் 30, பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ், கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம், அங்கிருந்து ரயில். அம்மாவிடம் திருப்பதிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். பொய்க்குத் தண்டனை போலச் சென்னை விடுதியில் அந்தச் செய்தி கிடைத்தது. டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் 28ஆம் தேதி நடக்கவிருந்த முதல் நிகழ்ச்சி ரத்தாகி, கூட்டம் மேடையை உடைத்துவிட்டதாம். பெங்களூரும் நடக்காது என்றே நினைத்தேன். அப்படி ஆகியிருந்தால் திருப்பதிக்கே போயிருப்பேன். சொன்ன சொல்லாவது மெய்யாகியிருக்கும்.

நடந்தது.

இப்போது அப்பாவுக்கான பதில். மெட்டாலிக்காவின் 'ஒன்' என்ற பாடல் 1988இல் வந்த இசைத்தொகுப்பில் இருக்கிறது. போரில் கண்ணிவெடியில் சிக்கிக் கை, கால், கண், பேச்சு எல்லாவற்றையும் இழந்து, நினைவு மட்டும் மிஞ்சிய ஒரு சிப்பாயின் பாடல். கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த கசெட்டில் அதைக் கேட்டேன். மின்சாரம் இல்லாத இரவுகளில் பட்டரி ரேடியோவில்தான். பட்டரி இறங்க இறங்கப் பாடகரின் குரல் தடித்து, இழுபட்டு, கடைசியில் மாடு கத்துவதுபோல ஆகிவிடும். உடனே பட்டரிகளைக் கழற்றி வெயிலில் வைப்போம். அடுத்த நாள் இன்னும் ஒரு பாட்டுக்குத் தாங்கும்.

அந்தத் தொகுப்பில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடித்தளமாகத் தாழ்ந்த ஒலி தரும் கிட்டார், கிட்டத்தட்ட இல்லை. ஜேசன் நியூஸ்டெட் வாசித்திருக்கிறார், ஆனால் ஒலிக்கலவையில் அதைக் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். இன்றுவரை ரசிகர்கள் இதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள். நானோ அது கசெட்டின் குறை என்றும், பிறகு என் ரேடியோவின் குறை என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு வெளிவந்து 23 ஆண்டுகள் கழித்து, பெங்களூரில், அவருக்குப் பின்னர் பேஸ் வாசிக்க வந்த ரொபேர்ட் ட்ருஹியோ வாசித்தபோதுதான் அதன் அடித்தளத்தைக் கேட்டேன். கேட்டேன் என்பதும் சரியில்லை. நெஞ்செலும்பில் வந்து மோதியது, காற்சட்டைத் துணி அதிர்ந்தது. போனின் சின்ன ஸ்பீக்கரால் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள்: பாட்டின் பாதிதான் போனில் கிடக்கிறது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது வேறு. அந்தப் பாடல் போர்க்களச் சத்தத்தோடு தொடங்கும். மைதானத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு ஹெலிகொப்டர் சத்தத்தையும் வேட்டுச் சத்தத்தையும் விட்டார்கள். அந்தச் சத்தம் கசெட்டில் எனக்கு மனப்பாடம். எந்த நொடியில் வரும் என்று தெரியும். இருந்தும் என் முழங்கால் மடிந்தது. என்ன செய்கிறேன் என்று விளங்குவதற்குள் குந்தியிருந்தேன், ஒரு கை தலைமேல். சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கைகளை உயர்த்திக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் குனிந்து, கீழே என்ன விழுந்தது என்று கேட்டான். சாவி என்றேன். உடனே போன் வெளிச்சத்தைப் போட்டு, தனக்குப் பிடித்த பாட்டு தொடங்குவதையும் விட்டுவிட்டு, மிதிபட்ட புல்லில் என்னோடு சேர்ந்து இல்லாத சாவியைத் தேடினான். கிட்டார் தொடங்கியதும் "கிடைத்துவிட்டது" என்று எழுந்தேன். பாட்டின் பின்பகுதியில் இயந்திரத் துப்பாக்கி போலவே இரட்டை டிரம் அடிப்பார்கள், தெரியும்தானே? அப்போது நான் குந்தவில்லை. அவனோடு சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு கொஞ்சம் பொறாமையும் பட்டேன் என்பதை ஒளிக்கவில்லை. ஊரில் இந்தக் குழுவின் பாட்டுகளைக் கேட்டவர்கள் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். அது எங்கள் சொத்து என்ற எண்ணம். மைதானம் முழுக்க ஒரு சொல் பிசகாமல் பாடியபோது, வீட்டுக்குள் யாரோ புகுந்ததுபோல இருந்தது. மூன்று, நான்கு பாட்டுக்குப் பிறகுதான் அந்த அற்பத்தனம் போனது.

அப்பா கூத்துப் பார்ப்பவரா? அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. கர்ணன் சாவான் என்று தெரிந்தேதான் கூத்தாடும் களரியைச் சுற்றி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். கூத்தை ஆட்டுவிக்கும் அண்ணாவியாரின் மத்தளம் நமக்குக் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழுகிறது. நம்முடைய கூத்துப் பாட்டான தரு ஒன்றை அடுத்த ஊரான் முணுமுணுக்கும்போது அவனைத் திரும்பிப் பார்க்கிறோம். அதே கூத்தைப் போனில் எடுத்துவந்து காட்டினால் அப்பா எத்தனை நிமிடம் பார்ப்பார் என்று கேட்டுப் பாருங்கள்.

போவதானால் சில விடயங்கள். மேடைக்கு முன்னால் நெரிபடுவதைவிட, ஒலியைக் கலக்கும் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார்கள். காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபல் ஒலியைக் காது பழுதாகாமல் கேட்கக்கூடியது சுமார் 15 நிமிடம்தான், கச்சேரியோ இரண்டு மணித்தியாலம் போகும். நான் போடாமல் நின்றேன். மறுநாள் ரயிலில் தேநீர் விற்பவர் கேட்டது எதுவும் எனக்கு விளங்கவில்லை. செருப்போடு போகாதீர்கள். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்காதீர்கள், பின்னால் நிற்பவனும் சீட்டுக் கட்டி வந்தவனாக இருக்கலாம்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டே போங்கள். நான் சென்னையில் ஒரு இனிப்புக் கடையில் லட்டு வாங்கி, கடையின் பெயர் இல்லாத பையில் மாற்றிக் கொண்டுவந்தேன். அம்மா கண்ணில் ஒற்றி, அக்கம்பக்கத்தில் பதினொரு வீட்டுக்குக் கொடுத்தார். ஒரு வீட்டுக்காரர் மட்டும், திருப்பதி லட்டில் கற்கண்டு இருக்குமே என்றார்.